ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது, ஆனாலும் மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏன்?

#1 மாடிப்படி

வயது 41. புகைப்பழக்கம் இல்லை, ஆஸ்துமா இல்லை, எடையும் பெரிதாக ஏறவில்லை. அலுவலகத்தில் லிஃப்ட் பழுதாகி இரண்டு வாரமாகப் படியேறித்தான் போகிறேன். முதல் மாடி வரை ஒன்றும் தெரியாது. மூன்றாவது மாடி போய்ச் சேரும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறேன், பேச்சு வருவதில்லை, இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்தி மறுபடி இரண்டு வார்த்தை. மூன்று நான்கு நிமிடம் உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தது. அதை எடுத்துப்போய் மேலே ஏறிய உடனே விரலில் மாட்டிப் பார்த்தேன். 98. நாடித்துடிப்பு 146. மூச்சு இப்படி வாங்கும்போது 98 எப்படி? ஆக்சிஜன் குறையவில்லை என்றால் உடம்பு எதற்காகத் தவிக்கிறது? கூட வேலை செய்பவர்கள் ஆழமாக மூச்சு இழுத்துப் பழகு, நுரையீரல் பலமாகும் என்கிறார்கள். மூச்சை அடக்கியும் பார்த்தேன், 40 நொடி தாங்கியது. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வழிப்போக்கன்

98 இருந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நடந்து பழக்கமில்லாததால் வருவது. பத்து நாள் ஏறினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை.

#3 உயிரியல்_டீச்சர்

தோழி, உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. மூச்சு வாங்குவதும் ஆக்சிஜன் குறைவதும் ஒன்று என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. இதை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

நம்மை மூச்சு விடச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லை, கார்பன் டை ஆக்சைடு. மூளையின் அடியில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடினாலும் அங்கே அமிலத்தன்மை மாறும், உடனே மூச்சை வேகப்படுத்து என்று கட்டளை போகும். ஆக்சிஜனைக் கவனிக்கவும் ஆள் இருக்கிறது. கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டியதற்காக ஹேமன்ஸ் என்ற பெல்ஜிய விஞ்ஞானிக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகுதான் அந்த உறுப்பு பெரிதாகக் குரல் கொடுக்கும்.

படியேறும்போது இன்னொன்றும் நடக்கிறது. காலுக்கு "ஏறு" என்று மூளை கட்டளை அனுப்பும்போதே மூச்சுத் தசைகளுக்கும் சேர்த்து ஒரு கட்டளை போய்விடுகிறது. தொடைத் தசைகளில் இருந்தும் செய்தி வருகிறது. அதனால் ரத்தத்தில் எதுவும் மாறுவதற்கு முன்பே மூச்சு கூடத் தொடங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் போல் காற்றை உள்ளே வெளியே நகர்த்துகிறோம். கடும் உழைப்பில் இது 100 லிட்டரைத் தாண்டும். இவ்வளவு காற்று ஓடுவதால்தான் உங்கள் கருவி 98 காட்டியது. உடம்பு ஆக்சிஜனை விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கிறது, அதற்கான உழைப்பைத்தான் நீங்கள் மூச்சு வாங்குவதாக உணர்கிறீர்கள்.

ஆனால் #2 சொல்வதுபோல் 98 என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை மருத்துவத் துறையில் இருப்பவர்கள் வந்து சொல்வார்கள்.

#4 நீச்சல்காரன்

டீச்சர் சொன்ன கார்பன் டை ஆக்சைடு விஷயத்தை நான் கண்ணால் பார்த்தவன், அதனால் இங்கே எழுதியே ஆக வேண்டும்.

கல்லூரி நாட்களில் நீருக்கடியில் யார் அதிக நீளம் நீந்துவது என்று போட்டி வைப்போம். என் நண்பன் ஒருவன் குதிப்பதற்கு முன்பு ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவான், ஆக்சிஜன் நிரப்புகிறேன் என்பான். ஒருநாள் பாதித் தூரத்தில் அவன் கை அசைவு நின்றுவிட்டது. தவிக்கவில்லை, மேலே வர முயலவில்லை, அப்படியே மிதந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தான். பிறகு கேட்டபோது மூச்சு முட்டவே இல்லை, நன்றாகத்தான் இருந்தது, அதற்குமேல் நினைவில்லை என்றான்.

காரணம் இதுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது, வேகமாக மூச்சு விட்டு அதில் பெரிதாக ஒன்றும் சேர்க்க முடியாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது. மேலே வா என்று எச்சரிப்பதே அதுதான். எச்சரிக்கை வரும் முன்பு ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே சொல்லுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள்.

#5 மாடிப்படி

படிக்கவே பதறுகிறது. அப்படியானால் மூச்சை அடக்கி 40 நொடி தாங்கினேன் என்பதற்கு நுரையீரலைப் பற்றி எந்த அர்த்தமும் இல்லையா? ஆழமாக மூச்சு இழுக்கும் பயிற்சியும் வீண்தானா?

#6 உயிரியல்_டீச்சர்

மூச்சை அடக்குவது பெரும்பாலும் அந்தத் தவிப்பை எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கொரோனா நேரத்தில் பத்து நொடி அடக்கினால் தொற்று இல்லை என்று ஒரு செய்தி சுற்றியது, அது முழுப் பொய்.

ஆழமான மூச்சு வீண் இல்லை. ஆனால் நுரையீரலைப் பலமாக்கும் என்பதும் சரியில்லை, ஏனென்றால் தன்னைத்தானே விரித்துக்கொள்ள நுரையீரலில் தசை கிடையாது. அது பஞ்சு மாதிரி ஒரு பை. கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசை இறங்கி, விலா எலும்புகள் விரிந்து, நெஞ்சுக்கூடு பெரிதாகும்போது நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. வெளியே விடும்போது அமைதியான நேரத்தில் எந்தத் தசையும் வேலை செய்ய வேண்டாம், இழுத்த ரப்பர் சுருங்குவதுபோல் தானாகச் சுருங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகிய வழியிலேயே நின்றுவிடும், ரத்தத்தோடு பரிமாற்றம் நடக்கும் காற்றறைகளுக்குப் போகாது. நிமிடத்துக்கு 12 முறை 500 மில்லி இழுத்தால் மொத்தம் 6000. வழியில் நிற்பது 12 தடவை 150, அதாவது 1800. மீதி 4200 மில்லி வேலைக்கு ஆகிறது. இதே 6000 மில்லியை நிமிடத்துக்கு 30 முறை, ஒவ்வொன்றும் 200 மில்லி என்று மேலோட்டமாக இழுத்தால்? வழியில் நிற்பது மட்டும் 4500. வேலைக்கு ஆவது வெறும் 1500. உள்ளே போன மொத்தக் காற்று ஒன்றுதான், பயன் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதனால்தான் படியில் நின்று நாய் இளைப்பதுபோல் குட்டிக்குட்டியாக மூச்சு விடுவதைவிட, உதட்டைக் குவித்து மெதுவாக நீளமாக வெளியே விட்டால் சீக்கிரம் அடங்கும்.

படியேறிப் பழகினால் மூச்சு வாங்குவது குறையும் என்பது உண்மைதான். அது நுரையீரல் வளர்ந்ததால் இல்லை. தொடைத் தசையும் இதயமும் பழகிவிடுகின்றன, அதே வேலைக்குக் குறைவான கழிவு உண்டாகிறது. நலமாக இருக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் இதயமும் காலும்தான் முதலில் களைக்கும், நுரையீரலில் இருப்பு மிச்சம் இருக்கும்.

#7 இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். வேலை முடிந்து வந்து இந்த இழையைப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது.

முதலில் #2 எழுதிய நண்பருக்கு. 98 இருந்தால் ஒன்றுமில்லை என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அந்த எண்ணை நம்பிக் காத்திருந்து தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண் இறங்கியும் ஒரு தவிப்பும் இல்லாமல் போனில் பேசிக்கொண்டிருந்தவர்களையும் 2020இல் பார்த்தேன். இரண்டும் வெவ்வேறு விஷயம்.

ஆக்சிமீட்டர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். இதன் அடிப்படையை 1974இல் அறிவித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. விரலின் ஒரு பக்கத்தில் இருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த விகிதத்தை வைத்து நூறில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. விரல் சில்லென்று இருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை ஆடினால் தவறாகக் காட்டும். தோல் கருமையாக இருப்பவர்களுக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், இது நம்மில் பலருக்கும் பொருந்தும். மூடிய அறையில் அடுப்புப் புகையோ ஜெனரேட்டர் புகையோ சுவாசித்தவருக்கு ஹீமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்திருக்கும், கருவி அதையும் ஆக்சிஜன் என்று எண்ணி 98 காட்டும். அப்போது அந்த எண்ணை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் வேலையில் நான் முதலில் பார்ப்பது கருவியை இல்லை. ஒரு நிமிடம் முழுக்க, அவருக்குத் தெரியாமல், நெஞ்சு எத்தனை முறை எழுகிறது என்று எண்ணுவேன். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை சாதாரணம். 25ஐத் தாண்டினால் எண் என்ன காட்டினாலும் எனக்குக் கவலை வந்துவிடும். கழுத்துத் தசை இழுக்கிறதா, விலா இடுக்கு உள்வாங்குகிறதா, ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, உதடு நீலமாகிறதா, குழப்பமாகப் பேசுகிறாரா, இவையெல்லாம் அப்புறம்.

மாடிப்படி, உங்களிடம் சில கேள்விகள். படுத்தால் மூச்சு கூடுகிறதா? கால் வீக்கம் உண்டா? நெஞ்சு வலி, படபடப்பு? களைப்பு எத்தனை நாளாக? மாதவிடாய் அதிகமா? கடைசியாக ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தது எப்போது? ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். திடீரென்று வந்த மூச்சுத்திணறல், அதிலும் நெஞ்சு வலியோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ இருந்தால், இங்கே எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம்.

#8 தலையணை_மூன்று

செவிலி அக்கா "படுத்தால் மூச்சு கூடுகிறதா" என்று கேட்டதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் அம்மாவுக்கு ஆறு மாதம் இளைப்பு. வயசாச்சு இல்ல, என்பார். ஆக்சிமீட்டரில் 95, 96 என்று இருக்கும், நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகியதை யாரும் கவனிக்கவில்லை. நடுராத்திரி எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்வார், காற்று வேண்டும் என்பார். சாயங்காலம் செருப்பு இறுகும்.

நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அவர் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு இதய மருத்துவரிடம் அனுப்பினார். இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை, அதனால் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கசிகிறது என்றார்கள். உட்கார்ந்திருக்கும்போது காலில் நிற்கும் ரத்தமும் நீரும் படுத்தவுடன் நெஞ்சுக்குத் திரும்பி வருகிறது, அதுதான் ராத்திரி மூச்சு முட்டல். நீர் பிரிய மாத்திரை கொடுத்து நாலாம் நாள் ஒரே தலையணையில் தூங்கினார். எத்தனை தலையணை என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.

#9 பம்ப்_பையில்

எனக்கு ஏழு வயதில் இருந்து ஆஸ்துமா. இங்கே எல்லோரும் மூச்சை இழுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் கஷ்டம் விடுவதில்.

புரிய வேண்டுமானால் இப்படிச் செய்து பாருங்கள். முழுக்க மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியே விடாமல், அந்த உச்சியிலேயே இருந்துகொண்டு கொஞ்சமாக இழுத்து கொஞ்சமாக விடுங்கள், நாலைந்து முறை போதும். நெஞ்சு இறுகுகிறதா, காற்று நிறைய இருந்தும் போதவில்லை என்று தோன்றுகிறதா? அதுதான் வீசிங். மூச்சுக் கிளைக்குழாய்கள் உள்ளே வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்து குறுகிவிடுகின்றன. இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாயும் கொஞ்சம் விரியும், விடும்போது இன்னும் குறுகும். அதனால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, விசில் சத்தமும் பெரும்பாலும் விடும்போதுதான் வருகிறது. சத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஆள் இன்னும் தவித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் மட்டும் நின்றால் காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

மாடிப்படி, உங்களுக்கு ஏறி முடித்து ஐந்து பத்து நிமிடம் கழித்து இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஏறும்போதே வந்து உட்கார்ந்தவுடன் அடங்கினால் வேறு காரணம் தேட வேண்டும் என்பது என் அனுபவம்.

#10 நலம்விரும்பி

இன்ஹேலர் பம்ப் பிடித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது, பழகிவிடும். அதில் ஸ்டீராய்டு வேறு. மாத்திரை, சிரப் நல்லது. என் அக்கா பையனுக்கு நாங்கள் பம்ப் கொடுக்க விடவில்லை.

#11 பம்ப்_பையில்

நலம்விரும்பி, கோபப்படாமல் சொல்ல முயல்கிறேன். இதே பேச்சைக் கேட்டு என் அப்பா எனக்கு எட்டு வருடம் பம்ப் வாங்கித் தரவில்லை. பள்ளி விளையாட்டு மைதானத்தை நான் ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் குனிந்து உட்கார்ந்து விடியும் வரை காத்திருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

பம்ப் பழகுவதில்லை, நோய்தான் தொடர்ந்து இருக்கிறது. கண்ணாடி போடுவதால் பார்வைக் குறை பழகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? தயவுசெய்து அந்தப் பையனை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

#12 இரவுப்பணி

#11க்கு என் ஆதரவு. அளவைப் பாருங்கள். வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராம் கணக்கு, பம்ப்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். அதுவும் நேராகக் குழாய்க்கே போகிறது. மாத்திரை முழு உடம்பையும் சுற்றி வர வேண்டும்.

இன்னொன்று, மூச்சைத் திறக்கும் நிவாரண பம்ப்பை மட்டும் அடித்துக்கொண்டு, வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு பம்ப்பை விட்டுவிடுவது பெரிய தவறு. நிவாரணம் சில நிமிடத்தில் வேலை செய்யும், நாலு முதல் ஆறு மணி நேரம் இருக்கும், வீக்கம் அப்படியே உள்ளே இருக்கும். 2019இல் இருந்து உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல்களே நிவாரண பம்ப் மட்டும் போதாது என்கின்றன. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிவாரணம் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை.

அடிக்கும் முறையும் முக்கியம், வருகிறவர்களில் பாதிப் பேர் தொண்டையில்தான் அடிக்கிறார்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்பேசர், அதாவது பம்ப்பில் மாட்டும் குழல், இல்லாமல் கொடுக்காதீர்கள். தடுப்பு பம்ப்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரும்.

#13 இரட்டையர்_அப்பா

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். மூன்று வயது இரட்டையர்கள். சளி பிடித்துக் காய்ச்சல் போய் மூன்று வாரமாகியும் ஒருவனுக்கு இருமல் போகவில்லை, சளி பச்சையாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் கேட்டேன், மருத்துவர் கொடுக்கவில்லை. அவர் செய்தது சரியா? வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

#14 உயிரியல்_டீச்சர்

பச்சை நிறம் கிருமியின் நிறம் இல்லை. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது, அவை நிறையச் செத்துச் சேரும்போது சளி பச்சையாகும். சாதாரண வைரஸ் சளியிலும் அப்படித்தான், ஆன்டிபயாடிக் வைரஸுக்கு ஒன்றும் செய்யாது.

இருமல் நீடிப்பதற்குக் காரணம் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முதல் இருபது முறை அடித்துக்கொண்டே இருக்கின்றன, மேலே ஒட்டும் சளிப்படலம். தூசியும் கிருமியும் அதில் ஒட்ட, நுண்மயிர்கள் அதை மெல்ல மெல்லத் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நாள் முழுக்க, தூங்கும்போதும். வைரஸ் இந்த நுண்மயிர் செல்களைத்தான் அழிக்கிறது. அவை திரும்ப வளரும் வரை சளியை மேலே ஏற்ற இருமலை விட்டால் வேறு வழியில்லை. மூன்று முதல் எட்டு வாரம் வரைகூட இருக்கலாம்.

#15 இரவுப்பணி

இரட்டையர்_அப்பா, உங்கள் மருத்துவர் செய்தது சரிதான் என்று தோன்றுகிறது, நேரில் பார்த்தவர் அவர். வீட்டில் கவனிக்க, பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60. இந்த எண்ணைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம், உடனே போக வேண்டும். நிமோனியாவில் காற்றறைகளுக்குள் நீரும் சீழும் நிரம்பிவிடும், காற்று போனாலும் ரத்தத்தைத் தொட இடம் இருக்காது.

ஆவி பிடிக்க வைக்காதீர்கள். வைரஸ் அதில் சாகாது, கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோய் வந்த பிள்ளைகள் அதிகம்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கூடவே மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்றால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

#16 விட்டாச்சு_14_மாதம்

நுண்மயிர் பற்றி டீச்சர் எழுதியதைப் படித்ததும் ஒன்று புரிந்தது. சிகரெட்டை விட்ட முதல் இரண்டு மாதம் எனக்கு இருமல் கூடியது, கெட்டிச் சளி வந்தது. விட்டதால்தான் உடம்பு கெட்டது என்று மறுபடி ஆரம்பிக்கப் போய்விட்டேன். புகை மரக்கடித்து வைத்திருந்த நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதால்கூட அந்தச் சளி வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இப்போது விட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிடுங்கள்.

#17 பின்னிரவு

எனக்கு நேர்மாறான பிரச்சினை. நடுராத்திரி மூச்சு கிடைக்கவில்லை என்று விழிப்பேன், பார்த்தால் 99, 100. கைவிரல் விறுவிறுக்கும், உதடு மரத்துப்போகும், தலை சுற்றும். இதயம், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டார்கள், பதற்றம் என்றார்கள். ஆனால் அந்த விறுவிறுப்பு உண்மையாக இருக்கிறதே, கற்பனை இல்லையே?

#18 உயிரியல்_டீச்சர்

கற்பனையே இல்லை. பதற்றத்தில் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள், கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறுகிறது, ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. அதில் சுதந்திரமாக உலவும் கால்சியம் குறைந்து நரம்புகள் தானாகச் சிலிர்க்கின்றன, அதுதான் விறுவிறுப்பு. மூளை ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலைசுற்றல். மூச்சை இன்னும் இழுக்காமல், மெதுவாக நீளமாக விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், அது ஒருவேளை வேறு நோயாக இருந்துவிட்டால் ஆபத்து.

#19 மாடிப்படி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். செவிலி அக்கா கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதாமல் நேராக மருத்துவரிடமே போய்விட்டேன். படுத்தால் மூச்சு கூடவில்லை, கால் வீக்கம் இல்லை. களைப்பு ஒரு வருடமாக இருந்திருக்கிறது என்பது அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நெஞ்சுப் படம், ஈசிஜி இரண்டும் சரி. ஹீமோகுளோபின் 8.9. இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய காலி.

அவரிடம் 98 என்று காட்டியதே என்று கேட்டேன். அது சதவீதம்தானே, எதில் சதவீதம் என்று திருப்பிக் கேட்டார். வீட்டுக்கு வந்து இரவுப்பணி எழுதியதை மறுபடி படித்தேன், "நூறில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது" என்று தெளிவாகவே இருக்கிறது.

#20 உயிரியல்_டீச்சர்

அந்த மருத்துவர் நல்ல ஆசிரியர். எண்ணிலேயே பார்த்துவிடுவோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் நிரம்பினால் 1.34 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். 14 கிராம் இருக்கும் ஒருவருக்கு 98 சதவீதத்தில் ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் சுமார் 18.4 மில்லி ஆக்சிஜன். உங்கள் 8.9க்கு அதே 98 சதவீதத்தில் சுமார் 11.7. பேருந்தில் எல்லா இருக்கையும் நிரம்பித்தான் இருக்கிறது, ஓடும் பேருந்துகள்தான் குறைவு. அதே பயணிகளைக் கொண்டுசேர்க்க இதயம் அதிக நடை ஓட வேண்டும், உங்கள் 146 அதைத்தான் சொன்னது. முதல் பதிவிலேயே அது இருந்தது, நான் 98ஐயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

#21 வழிப்போக்கன்

#2இல் நான் சொன்னது தவறு. அழிக்காமல் விடுகிறேன், படிப்பவர்கள் கீழே வந்த பதில்களையும் சேர்த்துப் படிக்கட்டும். வீட்டில் என் மனைவிக்கும் இதே களைப்பு. நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.

#22 இரவுப்பணி

நல்லது. மாடிப்படி, இரும்பு ஏன் குறைந்தது என்று பார்த்தார்களா? மாத்திரை மட்டும் தந்து அனுப்பினால் விடாதீர்கள். ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

#23 மாடிப்படி

பார்த்தார்கள் அக்கா. மாதவிடாய் ஒன்பது பத்து நாள் போகிறது, இந்த வயதில் அப்படித்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஸ்கேனில் கருப்பையில் இரண்டு நார்க்கட்டிகள். புற்றுநோய்க் கட்டி இல்லை என்றார்கள். மகப்பேறு மருத்துவரை அடுத்த வியாழக்கிழமை பார்க்கிறேன். மாத்திரை தொடங்கியாகிவிட்டது, ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் நிறுத்தக் கூடாது என்றார். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை, இரண்டாவது மாடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், எண்ணை இங்கே போடுகிறேன்.